சிரிக்காத பாவை

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டு அத்தாயிக்கு மனதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டால் அதைக் கேட்டுத் தீர்க்கும்வரை சோறு இறங்காது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் ஒரு படம் அவளை அப்படித்தான் பிடித்துக்கொண்டது.

ராசிபுரத்துப் பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் ராசப்பன் வாத்தியார், கோடை விடுமுறைக்கு மலையேறி வந்து அவள் வீட்டருகே தங்கியிருந்தார். மலைத்தெய்வமான கொல்லிப்பாவையைக் காட்டோடு சேர்த்து வரைய வேண்டும் என்று அவருக்கு ஆசை. கதை சொன்னது அத்தாயிதான். பாவை காட்டுக்குள் சிரித்தபடி நிற்பாள். அந்தச் சிரிப்பில் மயங்கிய ஆண்பிள்ளை திரும்ப மாட்டான். அந்தப் பயத்தில், அவள் நிற்பதாகச் சொல்லும் மேற்குச் சோலைக்குள் ஊரில் ஒருவரும் கால் வைப்பதில்லை. வாத்தியார் மட்டும் சோலை ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளே தெரிந்த பெரிய பலா மரத்தைப் பார்த்து வரைந்தார்.

படம் முடிந்ததும் அத்தாயி பார்க்க வந்தாள். இருண்ட மரங்கள், வேரடியில் வெள்ளைப் பனிமூட்டம், முதுகைக் காட்டிப் போகும் கரடி. பலா மரத்தில் சாய்ந்தபடி பாவை. முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஏனுங்க வாத்தியாரே, சிரிப்ப எங்க உட்டுட்டீங்க?"

"வரைஞ்சு பாத்தேனுங்கம்மா. சிரிப்பு வெச்சதும் காடே பொய்யாட்டம் ஆயிருச்சு. அழிச்சுட்டேன்."

"அப்ப என்ன நெனச்சுட்டு நிக்கறா?"

"எனக்கும் தெரியலீங்க."

அத்தாயியின் புருஷன் மாதேஸ்வரன், அது கோபம் என்றான். பக்கத்து வீட்டுப் பாப்பாயி, "கரடிகூட அவள உட்டுட்டுப் போவுது பாரு, பாவம்" என்றாள். அத்தாயிக்கோ பாவையின் கண்தான் உறுத்தியது. படத்துக்கு வெளியே அவள் எதைப் பார்க்கிறாள்?

மறுநாள் காலை அத்தாயி சோலைக்குக் கிளம்பினாள்.

"போனா திரும்ப மாட்டே புள்ள!" என்று மாதேஸ்வரன் மறித்தான்.

"ஆம்பளைங்களத்தான மயக்கறா? எனக்கென்ன?"

வாய்தான் அப்படிச் சொன்னது. சோலை ஓரத்தில் நின்று ஒருமுறை ஊரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சருகில் கால் புதையப் புதைய நடந்து, பலா மரத்தில் பாவை போலவே சாய்ந்து நின்று பார்த்தாள். கிளைகளின் இடைவெளியில் அவள் ஊர் தெரிந்தது. கூரைமேல் புகை. யாரோ சாமை குத்தும் சத்தம். ஒரு குழந்தையைச் சாப்பிட அழைக்கும் குரல்.

திரும்பி வந்து வாத்தியாரிடம் சொன்னாள்: "நம்ம ஊரப் பாக்கறாளுங்க. அங்க எல்லாம் கேக்குது. 'வா'ன்னு கூப்பிட ஆளில்லாதவ மொகமுங்க அது."

"நான் அத நெனச்சு வரையலீங்களே!"

"நெனைக்காட்டி என்னங்க? படத்துல இருக்குதே."

"எனக்கு இன்னும் கோவமாத்தான் தெரியுது" என்றான் மாதேஸ்வரன். அத்தாயி மறுக்கவில்லை. கூப்பிடாவிட்டால் கோபமும் வரும்தானே.

விடுமுறை முடிந்து படம் வாத்தியாரோடு மலையிறங்கியது. அந்த வருஷ அறுப்பு முடிந்ததும் அத்தாயி ஓர் இலையில் சாமைச்சோறு கட்டிக்கொண்டு பலா மரத்தடிக்குப் போனாள். ஊர் முணுமுணுத்தது. அடுத்த வருஷம் பாப்பாயியும் கூடப் போனாள். மரத்தில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, "எனக்கென்னமோ அவ ஊரப் பாக்கல, அந்தப் பக்கம் வர மழையப் பாக்கறான்னு தோணுது" என்றாள். அதைப் பற்றியே பேசிக்கொண்டு இருவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள்.