சந்தனம் வைச்ச சக்கிமுக்கித் துவக்கு

வீட்டுவேலைக்காரனுக்கு வீட்டுக்காரர் எதை நீட்டினாலும் துடைக்கத் தெரிஞ்சிருக்கோணும். எனக்கு நீட்டினது துவக்கு. இத்தாலியில, இந்தப் பலேர்மோவில, வீட்டுக்காரச் சினியோராமாரின்ரை பளிங்குத் தரை தேய்ச்சு முழங்கால் போன சொந்தங்களே, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், கேளுங்கோ.

தெரியும் எண்டு சொன்னது

போர்கோ வெக்கியோப் பகுதியில தனிய இருக்கிற கிழவர் ஒருத்தர், நேப்பிள்ஸ் கப்பலில கப்டனாய் இருந்து இளைப்பாறினவர். வேலை கேட்டுப் போன அண்டைக்கே சுவரில கிடந்த நீட்டுத் துவக்கை எடுத்துக் காட்டினார். சக்கிமுக்கிக் கல்லு இரும்பில அடிக்க நெருப்புப் பறந்து, வெடிமருந்து பத்தி வெடிக்கிற பழங்காலச் சாமான். ஞாயிற்றுக்கிழமையில சுடுகளத்தில அதைச் சுடுறதுதான் அவரின்ரை பொழுதுபோக்கு. "நீ சண்டை நடந்த நாட்டாள், துவக்குத் தெரியுமோ?" எண்டார்.

எனக்கோ பெர்மெசோ, அதுதான் இஞ்ச இருக்கிறதுக்கான அனுமதிச் சீட்டு, முடியிற நேரம். வேலை ஒப்பந்தத்தில இவர் கையெழுத்து வைக்காட்டி குவெஸ்தூரா எண்ட பொலிஸ் கந்தோரில அதைப் புதுப்பிக்கேலாது. சீசாப் பகுதி வாடகை அறையில மனிசியும் ரெண்டு பிள்ளையளும் பாத்துக்கொண்டிருக்கினம். துவக்கைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஓடின நான், வாய் கூசாமல் "ஓம், நல்லாத் தெரியும்" எண்டன். கிழவருக்கு வாயெல்லாம் பல்லு. "அப்ப ரெண்டு மாதம் பாப்பம், பிறகு கையெழுத்து!"

எண்ணெய்

சுட்டு முடிஞ்சால் குழலைச் சவர்க்காரம் போட்ட சுடுதண்ணியால கழுவு எண்டார். இரும்புக்குத் தண்ணியோ? மனிசனுக்கு மறை கழண்டிட்டுது எண்டு நினைச்சு, குசினியில கிடந்த ஒலிவ் எண்ணெயை ஊத்திவிட்டன். அந்த மருந்துக்கரி தண்ணிக்குத்தான் போகுமாம், ஆர் கண்டது! அடுத்த கிழமை கப்டன் துணி சுத்தின தடியைக் குழலுக்குள்ள விட்டு இழுத்தார். முழுக்கத் துருப்பிடிச்ச கறள். துணியை மணந்தார், என்னைப் பாத்தார். "உங்கடை நாட்டில துவக்கைப் பொரிச்சோ சாப்பிடுறவை?"

முதல் வெடி

நான் முதல்தரம் கூடப் போன அண்டைக்கு, சுடுகளத்தில அவர் முதல் வெடி வைச்சார். புகை கலைய முன்னம் நான் குப்புறக் கிடக்கிறன், ரெண்டு கையும் காதில. ஷெல்லடிக்குள்ள வளந்த உடம்பு, என்னைக் கேட்டே விழுகுது? சுத்தி நிண்டவையெல்லாம் காதடைப்பானோட குனிஞ்சு பாக்கினம். எனக்கு நிலம் பிளந்து உள்ள போகலாம் போல இருந்தது. கப்டன் என்னைத் தூக்கி, மண் தட்டிவிட்டு, அவையளுக்குப் பெருமையாய்ச் சொன்னார்: "பாருங்கோ, பழைய வீரன்!"

வீரனாம். பங்கருக்குள்ள கிடந்து அழுதவன் நான். அதை மறைச்சு, வீரன் மாதிரி நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டன்.

பொட்டு

ரெண்டு மாதம் முடியிற கிழமை ஒரு போட்டி. வெண்டால் சந்தோசத்தில கையெழுத்து வைப்பார் எண்டு எனக்கு ஒரு நப்பாசை. முதல்நாள் எங்கடை ஆயுதபூசை. வருசாவருசம் தும்புத்தடிக்கும் வாளிக்கும் பொட்டு வைக்கிறனான், துவக்கு எண்டால் அசல் ஆயுதமெல்லோ! கப்டன் கடைக்குப் போன நேரம் நல்லாய்ச் சந்தனம் குழைச்சு, குங்குமமும் வைச்சுக் கும்பிட்டன். அவர் வரமுன்னம் துடைச்சும்போட்டன். ஆனா மருந்துக்கு நெருப்புப் போற ஊசித்துளைக்குள்ள சந்தனம் இறங்கிக் காய்ஞ்சது எனக்குத் தெரியாது.

போட்டியில கல்லு அடிச்சது, வெளியில புசுக்கெண்டு பத்தினது, குண்டு போகேல்லை. மூண்டு தரமும் அப்பிடியே. கப்டன் துளைக்குள்ள ஊசியை விட்டுக் கிண்டினார். மஞ்சள் தூள் கொட்டிச்சுது.

இனி என்னத்தை மறைக்கிறது? எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். "கப்டன், நான் துவக்குத் தொட்டதே இல்லை. ஓடினவன். பெர்மெசோவுக்காகப் பொய் சொன்னனான்." கண்ணீர் வந்திட்டுது, இந்த ஐம்பத்திமூண்டு வயசில.

அவர் ஊசியைத் துடைச்சு உறையில வைச்சார். "துணியில எண்ணெய் மணந்த அண்டைக்கே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையில என்னோட வர வேற ஒருத்தரும் இல்லை. ஒப்பந்தத்தைக் கொண்டா, கையெழுத்து வைக்கிறன்."

பெர்மெசோ கிடைச்சு ஆறு மாதமாச்சு; அந்த மனிசன்ரை முகத்தை நேர பாக்கத்தான் இன்னும் துணிவு கிடைக்கேல்லை.