மதிலோரத்து நாற்பத்தொன்று

எங்கள் ஊர்ச்சபையில் ஏழு பேர். கூட்டம் தீயணைப்பு வண்டி நிற்கும் கட்டிடத்தின் மேல்மாடியில் நடக்கும். ரப்பர் குழாயும் கோப்பியும் கலந்த ஒரு மணம் அங்கே எப்போதும் இருக்கும். நான் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில் கட்டிடப் பொறியியல் படித்து, வேலையும் அங்கேயே கிடைத்து, வாடகை கட்டுப்படியாகாமல் முக்கால் மணி நேரம் தள்ளி மலைப்பக்கம் இருக்கும் இந்த ஊருக்கு வந்தவள். இரண்டாவது வருடமே, வேட்பாளர் பட்டியலில் ஓர் இடம் நிரம்பவில்லை என்று வந்து கேட்டார்கள். சரி என்றேன். வெல்வேன் என்று நான் நினைக்கவில்லை. அவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சபை கவனிக்க வேண்டியவற்றை முதல் மாதமே எழுதி வைத்தேன். பஸ் தரிப்பிடத்தின் உடைந்த கண்ணாடி. நாய்க் கழிவுப் பைகள் வைக்கும் பெட்டி; அது எப்போதும் காலி. நடைபாதைக்கு மேல் வளர்ந்துவிட்ட செடிவேலி. அதன் சொந்தக்காரர் சபைத் தலைவரின் மைத்துனர் என்பதால் மூன்று வருடமாக வளர்கிறது. மேட்டுத் தெரு விளக்கு. உறைபனி முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் திறப்பது. அதே நாளில் கற்களை ஆட்டிப் பார்ப்பது.

கற்களை ஆட்டுவது என்றதும் எனக்கு முதலில் விளங்கவில்லை. குளிர்காலத்தில் நிலம் உறைந்து இளகும்போது கல்லறைக் கற்களின் அடி தளர்ந்துவிடும். பூவுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த யார் மேலாவது சரியலாம். ஆகவே ஒவ்வொரு வசந்தத்திலும் ஒவ்வொரு கல்லின் மேல்விளிம்பிலும் கையை வைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைந்தால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, பட்டியலில் குறித்து, நகராட்சிக்கு அனுப்ப வேண்டும்.

"நீங்கள் பொறியாளர்தானே," என்றார் தலைவர். அவர் பன்றிப் பண்ணை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். "பயப்படாமல் தள்ளுங்கள். யாரும் திருப்பித் தள்ளியதாக இதுவரை புகார் வரவில்லை."

அன்று காலை பனிமூட்டம். முன்னால் இரண்டு வரிசை மட்டும்தான் தெரிந்தது. நடக்க நடக்க அடுத்த கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நித்திரையில் இருப்பவரின் தோளைப் பிடித்து எழுப்புவது போன்ற வேலை அது. ஏழாவது கல்லுக்குப் பிறகு நான் ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டுக் கொஞ்சம் காத்திருப்பதைக் கவனித்தேன். எதற்குக் காத்திருந்தேன் என்று சொல்லத் தெரியாது.

கிழக்கு மதிலோரம் வந்தபோது தலைவர் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போய்விட்டார். கையில் இருந்த பட்டியலில் நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு இருந்தது. நிலத்தில் அப்படி இல்லை. புல்லில் பதித்திருந்த சின்ன இரும்புத் தகட்டில் நாற்பத்தொன்று என்று இருந்தது. அதன் பின்னால் முழங்கால் உயரத்தில் ஒரு கல். பெயர் இல்லை, திகதி இல்லை. சுற்றிவரப் புல்லைக் கத்தரித்திருந்தார்கள்.

கல்லின் முன்னால் ஒரு சில்வர் பேணி, எங்கள் வீடுகளில் தேநீர் குடிக்கும் குவளை. நிறையப் பால். பாலில் இருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

சுற்றிப் பார்த்தேன். பனிமூட்டத்தில் யாரும் இல்லை. தூரத்தில் தலைவர் குழாயைத் திட்டுவது மட்டும் கேட்டது. குனிந்து பார்த்தேன். பேணியின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்துகள் வெட்டியிருந்தன. எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் அம்மாவின் பெயரை வெட்டியிருக்கும் அதே மாதிரி. தமிழ் எழுத்துகள். இந்த ஊரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கல்லைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. பட்டியலில் நாற்பத்தொன்றை எழுதி, எதிரே 'உறுதி' என்று குறித்தேன். எனக்குப் பழக்கமானதைத்தான் செய்தேன். அதுதான் பிழை என்பது அடுத்த கிழமைதான் தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் மதிலோர வரிசையைப் பற்றிப் பேச்சு வந்தது. இங்கே கல்லறை நிலம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். காலம் முடிந்தால் உறவினர் வந்து நீட்டிக்க வேண்டும். யாரும் வராவிட்டால் கல்லை எடுத்து நிலத்தைச் சமப்படுத்திவிடுவார்கள். மதிலோரத்தில் சாம்பல் கலங்களுக்கு இடம் ஒதுக்கலாம் என்றார் தலைவர். நான் தட்டெழுதிக் கொண்டுபோன புதிய பட்டியலைத் திரையில் போட்டார்.

"நாற்பத்தொன்று என்று ஒன்று இருக்கிறதா என்ன?" என்று நகராட்சியின் பழைய பதிவேட்டைப் புரட்டினார். "காலம் எப்போதோ முடிந்திருக்கிறது. உறவினர் முகவரி இல்லை. கோடையில் எடுத்துவிடலாம்."

எனக்கு எதிரே கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர் இருந்தார். எழுபது வயதை நெருங்கும் பெண்மணி. பழைய பட்டியல்கள் எல்லாம் அவருடைய கையெழுத்து. அவருடைய பேனா நின்றது. பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வந்தும் கோட்டைக் கழற்றவில்லை.

"எழுதிவிட்டீர்கள்," என்றார். "முப்பது வருடமாக நான் அதை எழுதாமல் விட்டேன். எழுதாத ஒன்றை யாரும் எடுக்கமாட்டார்கள்."

பிறகு சொன்னார். அந்த நாட்களில் ஊரின் பழைய விடுதியில் அகதிகளைத் தங்கவைத்திருந்தார்கள். அவர் பண்ணைகளில் இருந்து பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை செய்தார். விடுதியில் ஓர் இளம் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து பதினொரு நாள்தான் உயிரோடு இருந்தது. அடக்கத்துக்குப் போக அவர்களிடம் வாகனம் இல்லாததால் அவரே கொண்டுபோய் விட்டார். மறுநாள் தாய் நிலையத்துக்கு வந்து, அந்தப் பேணியை நீட்டிப் பால் கேட்டாள். இருவருமாகப் போனார்கள். கல் வைக்காத மண்ணில் தாய் கொஞ்சம் பால் தெளித்துவிட்டு, பேணியை அங்கேயே வைத்தாள். மூன்று கிழமையில் அவர்களை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் ஏறுமுன் தாய் இவருடைய கையைப் பிடித்து, கல்லறைத் தோட்டத்துப் பக்கம் காட்டி, ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"மொழி தெரியாது. ஆனால் என்ன கேட்டாள் என்று தெரிந்தது," என்றார். "கல்லை நான் வைத்தேன். ஒவ்வொரு மாதமும் அந்தத் திகதியில் பால் கொண்டுபோகிறேன். சூடாக்கித்தான். குழந்தைக்கு யாராவது குளிர்ந்த பால் கொடுப்பார்களா?"

"அந்தப் பாலுக்கு என்ன ஆகும்?"

"மாலையில் போவேன். காலியாக இருக்கும்."

"பூனையாக இருக்கும்," என்றேன்.

"இருக்கலாம்," என்றார் அவர். "நல்ல ஆயுள் உள்ள பூனை."

தாயைத் தேடிப் பிடித்து நீட்டிப்பு விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்து வாங்கித் தரும்படி கேட்டார். "அவனை எடுத்துவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது?" என்று போகும்போது சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

டோர்ட்மண்டில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கட சனத்துக்குள் ஆளைத் தேடுவது எந்த அலுவலகத்தாலும் முடியாத வேகத்தில் நடக்கும் வேலை. ஆனால் அம்மா முதலில் கேட்டது வேறு.

"மாசாமாசம் பாலோ?"

"ஓம் அம்மா. முப்பது வருசமா."

"அது அடுத்த நாள் ஒருக்காத் தெளிக்கிறது, அவ்வளவுதான். அந்த உயிரைப் போயிட்டு வா எண்டு அனுப்பி விடுறதுக்கு. மாசாமாசம் ஆரும் வைக்கிறேல்லை." குரலைத் தாழ்த்தினார். "அது கூப்பிட்டுக் கூப்பிட்டு மறிச்சு வைச்சிருக்கிற மாதிரியெல்லோ."

"நீங்கள் சும்மா இருங்கோ அம்மா."

"நான் சும்மாதான் இருக்கிறன். நீதான் கல்லை ஆட்டிக்கொண்டு திரியிறாய்."

நாலு நாளில் அந்தத் தாயின் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. அம்மா வீட்டில் இருந்து இரண்டு ஊர் தள்ளி. கணவர் இறந்துவிட்டார், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு. நான் யார் என்று சொல்லி, விடயத்தைத் தொடங்கியதும் அவர் சமையலறை விசிறியை நிறுத்தினார்.

"அங்க ஒண்டும் இல்லை எண்டுதான் நினைச்சனான் பிள்ளை. கொஞ்ச வருசத்தில எடுத்துப்போடுவினம் எண்டு அப்பவே சொன்னவை. எடுத்திருப்பினம் எண்டு மனசைத் தேத்திக்கொண்டனான்."

"இருக்கு அன்ரி. வடிவா வைச்சிருக்கினம்." பாலைப் பற்றியும் சொன்னேன். சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்தத் திகதியில வைக்கிறவ?" என்று கேட்டார். சொன்னேன்.

"எனக்கு மாசத்தில ஒருநாள் நெஞ்சு கட்டும் பிள்ளை. பால் குடுக்கிற காலத்தில கட்டுற மாதிரி. மற்றப் பிள்ளையள் வளந்த பிறகும் நிக்கேல்லை. படமெல்லாம் எடுத்துப் பாத்துப்போட்டு ஒண்டும் இல்லை எண்டு டொக்டர் சொன்னவர். திகதி நான் குறிச்சு வைக்கேல்லை." மூச்சு விட்டார். "குறிச்சிருந்தா எந்தத் திகதி வந்திருக்கும் எண்டு இப்பத் தெரியுது."

எதையும் குறித்து வைக்கும் நான் அன்று எதையும் குறிக்கவில்லை. எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை முற்பகல். வேலைக்கு லீவு போட்டு ஸ்டேஷனில் இருந்து கூட்டி வந்தேன். செயலாளர் கல்லறைத் தோட்டத்துக்குள் நின்றார், தலை வாரி, நல்ல கோட்டுப் போட்டு. இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிறகு செயலாளர் குனிந்து பேணியை எடுத்துக் காட்டினார். தாய் அதை வாங்கி, எழுத்துகளை விரலால் தடவி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் படிவத்தை நீட்டினேன். இரண்டு சதுரங்கள்: நீட்டிக்கிறேன், ஒப்படைக்கிறேன். தாய் இரண்டாவதில் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

அந்தப் படிவத்தைப் பல வருடங்களாகக் கையாண்டவர் செயலாளர். எந்தச் சதுரம் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய முகம் பாலைப்போல் வெளிறியது.

"அவன் எங்கே போவான் என்று கேளுங்கள்," என்றார்.

கேட்டேன்.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லுங்கோ. அக்கா இவ்வளவு காலம் பாத்தது காணும், போதும். இனி அதைப் போக விட வேணும். இவவில எனக்குக் கோபம் இல்லை எண்டும் சொல்லுங்கோ."

சொன்னேன். செயலாளர் தலையை ஆட்டினார். பிறகு, இத்தனை வருடமும் கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்த கேள்வி போல, குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார்.

"பேர் வைக்கேல்லை," என்றார் தாய். "முப்பத்தொண்டாம் நாளிலதானே வைக்கிறது. அதுக்கு முதலே போயிட்டுது."

"நான் வைத்தேன்," என்றார் செயலாளர். மெதுவாக, குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. "பால் வைக்கும்போது ஏதாவது சொல்லிக் கூப்பிட வேண்டுமே." பெயரைச் சொன்னார். அது சிறுவயதில் இறந்த அவருடைய அண்ணனின் பெயராம். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

தாய் அந்த ஜெர்மன் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கல்லின் முன்னால் குந்தினார்.

"அந்தப் பேருக்குத்தானே பழகியிருக்கும்," என்றார் என்னிடம். கல்லில் கையை வைத்து அந்தப் பெயரால் கூப்பிட்டார்.

"அப்படி அல்ல," என்றார் செயலாளர். "முதல் எழுத்தை நான் இழுப்பேன். இல்லாவிட்டால் அவனுக்குத் தெரியாது."

தாய் இழுத்துக் கூப்பிட்டார். இரண்டாவது முறை இன்னும் நீளமாக. பிறகு தமிழில், "காணும் ராசா. வெளிக்கிடு," என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது என்று எழுதினால் பொய். காற்றுக்கூட இல்லை. தாய் எழுந்து சேலையைத் தட்டினார்.

"இனி ஆரும் திரும்பிப் பாக்காமல் நடக்க வேணும். அக்காவுக்கும் சொல்லுங்கோ."

சொன்னேன். நடந்தோம். தாய் முன்னால், நான் கடைசியாக. செயலாளர் எங்களுக்கு நடுவில் மெதுவாகப் போனார். அவருடைய இடது கை உடம்பில் இருந்து கொஞ்சம் விலகி, கீழே தாழ்ந்து, விரல்கள் மடிந்து இருந்தன. நடக்கப் பழகும் பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்களின் கை அப்படித்தான் இருக்கும். அவருடைய அடிகளும் அதற்கேற்றபடி சிறியவை. நான் பார்வையை அவருடைய முதுகிலேயே வைத்திருந்தேன்.

இரும்புக் கதவைச் செயலாளர் திறந்து பிடித்தார். தாய் வெளியே போனார். நான் போனேன். அவர் கதவைப் பிடித்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.