தீ தொடாத உருண்டைகள்

"...அதெல்லாம் சரி, ருசியாத்தான் இருக்கு. ஆனா இதில தீ தொட்ட மணமே இல்லல்லோ, மோளே. உன் வீட்டில அடுப்பு எரிஞ்சு எத்தனை நாளாச்சு?"

லில்லிச் சேச்சி இதைக் கேட்டது கரமனையில், ஆற்றுக்கு இறங்கும் ஒரு சந்தில், தன் வீட்டுக் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு. கேட்டுக்கு வெளியே கையில் தட்டோடு நான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மத்தியானம். கேட்டுவிட்டுச் சேச்சி என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் நான் எதையும் நேராகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. நாலு தெரு சுற்றித்தான் அந்தக் கேட்டுக்கு வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது இப்போது ஞாபகம் வரக் காரணம் எதிர் பிளாட் பெண். போன வாரம் மணியடித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். "அடுப்பே பத்த வைக்கலை ஆண்ட்டி, சும்மா மிக்ஸ் பண்ணி உருட்டினேன். லீவு நாள்தானே, ஈசியா இருக்கட்டும்னு." மூடியைத் திறந்தால் தேங்காய்ப்பூவில் புரட்டிய பிஸ்கட் உருண்டைகள். கண்டென்ஸ்டு மில்க்கும் ஏலக்காயும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் வாசலிலேயே இன்னொரு தரம் மோந்து பார்த்தேன். பிறகு டப்பாவைக் கழுவித் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் வேண்டாம் ஆண்ட்டி, யூஸ் அண்ட் த்ரோதான்" என்று சொல்லிவிட்டு லிப்டுக்குள் போய்விட்டாள்.

கல்யாணமான புதிதில் திருநெல்வேலியிலிருந்து அந்த மலையாள ஊரில் வந்து இறங்கியவள் நான். வீட்டுக்காரருக்கு ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் சட்டையை மோந்து பார்த்தே அன்றைக்குக் கடைக்கு என்ன சரக்கு வந்தது என்று சொல்லிவிடுவேன். மிளகாய் வத்தல் வந்த நாளில் சட்டை தும்ம வைக்கும். ஏலக்காய் வந்த நாளில் துவைக்கவே மனசு வராது. அவரும் சட்டையும் கடைக்குப் போய்விட்டால் பேச ஆள் கிடையாது. எனக்குத் தெரிந்த மலையாளம் பஸ்ஸில் டிக்கெட் வாங்கத்தான் காணும்.

அப்படி இருந்தவளுக்குக் கிடைத்தவர்தான் மதிலுக்கு அந்தப் பக்கத்து லில்லிச் சேச்சி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நாகர்கோவிலில் நர்ஸாக இருந்தவர் என்பதால் தமிழ் பேசுவார், வாக்கியத்தின் வால் மட்டும் மலையாளத்தில் ஆடும். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் அவர் வியாதிக் கணக்கில்தான் பார்ப்பார். மதிலோரம் நான் அழுது வீங்கிய முகத்தோடு துணி உலர்த்துவதைப் பார்த்துவிட்டு முதல் நாளே சொன்னார்: "உனக்கு ஊர்க்காய்ச்சல். மாத்திரை கிடையாது. தினம் ரெண்டு நேரம் இங்க வந்து பேசிட்டுப் போ." தன் கணவர் பேபிச் சேட்டனைப் பற்றி ஒரு நாள், "அது வெறும் ஜலதோஷ மனுஷன். சத்தம் நிறைய, ஆபத்து ஒண்ணுமில்லை" என்றார். பெயர்தான் பேபி. மீசையைப் பார்த்தால் போலீஸ்காரரே ஒதுங்கி வழிவிடுவார். சேச்சி எழுதித் தந்த மருந்தை நானும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டேன். நான் அந்த ஊரில் நிலைத்தது அதனால்தான்.

இனி சண்டைக்கு வருகிறேன். சண்டையின் பெயர் கேஸ் சிலிண்டர். அங்கே கேஸ் குற்றி என்பார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்குவது கஷ்டம். அப்போது குற்றி தீர்ந்தால் புக் பண்ணிவிட்டு, மழைக்குக் காத்திருப்பது போலக் காத்திருக்க வேண்டும். எங்களிடம் ஒற்றைக் குற்றி, சேச்சி வீட்டில் இரண்டு. எங்களுடையது தீர்ந்தால் அவர்களுடைய ஒன்றை எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு வரும்போது புதுக் குற்றி நேராக அவர்கள் வீட்டுக்குப் போகும். ஒருதடவை அப்படிப் போன குற்றி, மாட்டிக் கொஞ்ச நாளிலேயே அணைந்துவிட்டது. அந்தக் கேஸ் எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பேபிச் சேட்டன் அதை ஒரு தமாஷாகத்தான் சொன்னார். கடையிலிருந்து களைத்து வந்த என் வீட்டுக்காரரைச் சந்தில் நிறுத்தி, "என்ன சாரே, நீங்க தந்த குற்றி டயட்ல இருந்ததோ? கனமே இல்லல்லோ" என்றார். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆரியசாலையில் எடைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிழைப்பவரிடம் கனம் குறைவு என்று தமாஷ் பண்ணக் கூடாது. "நாங்க எடையில கை வைக்கிற ஆளு இல்ல கேட்டீரா" என்று இவர் குரல் உயர, அவருடைய மீசையும் உயர, சந்தே வேடிக்கை பார்த்தது. வீட்டுக்குள் வந்ததும் எனக்கு உத்தரவு: "ஏளா, இனிமே அந்த வீட்டுப் பக்கம் போயி நின்னே, பாத்துக்கோ."

எனக்கு மருந்து நின்றுபோனது. மதிலுக்கு மேல் சேச்சியின் தலை தெரியும். நான் பார்க்கும்போது அவர் பார்க்க மாட்டார். அவர் பார்க்கும்போது நான் துணிக்கு கிளிப் மாட்டுகிற பாவனையில் இருப்பேன். யார் முதலில் பேசுவது என்பதில் இருவரும் நின்றுவிட்டோம்.

இதில் ஒரு தட்டும் மாட்டிக்கொண்டது. சண்டைக்கு முன்னால் சேச்சி ஒரு தட்டு நிறைய அச்சப்பம் அனுப்பியிருந்தார். நம் ஊர் அச்சு முறுக்கேதான், அங்கே கிறிஸ்துமஸ் பலகாரம். தட்டு, சேச்சியின் தம்பி கல்ஃபிலிருந்து கொண்டுவந்த செட்டில் ஒன்று. பால் வெள்ளையில், நடுவே ஒரு ரோஜாப்பூ. ஆறு தட்டும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மட்டும்தான் மேசைக்கு வரும். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அந்த ரோஜா என் அலமாரியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கொடுக்காமல் இருந்தால் அமுக்கிக்கொண்டேன் என்றாகும். வெறுந்தட்டாகக் கொடுத்தால், உங்களுக்கும் எங்களுக்கும் இனி ஒன்றுமில்லை என்றாகும். பலகாரம் வந்த தட்டு வெறுமனே திரும்புவது எங்கள் ஊரிலும் இல்லை, அந்த ஊரிலும் இல்லை. கடைப் பலகாரம் வாங்கி வைக்கலாம்தான். ஆனால் அது மேலதிகாரி வீட்டுக்குக் கொண்டுபோவது மாதிரி இருக்கும். கையால் செய்ததாக இருந்தால்தான் சேச்சிக்கு நான் சொல்ல வந்தது புரியும்.

"அதுக்கு இம்புட்டு யோசனையா? தட்ட கேட்டு மேல வச்சுட்டு வந்துரு" என்றார் இவர்.

இந்த அழகில் எங்கள் கேஸும் தீர்ந்தது. ஏஜென்சியில் கேட்டால், "கிறிஸ்துமஸ் கழியட்டும், பார்க்காம்" என்றார்கள். மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கார்டு வேண்டும், எங்கள் பெயர் திருநெல்வேலிக் கார்டில் இருந்தது. ஹீட்டர் போட்டால் வீடு முழுக்க பியூஸ் போகும். மூன்று வேளையும் ஓட்டல் பார்சல். நான் கிண்டும் உப்புமாவுக்கே இவர் ஏங்க ஆரம்பித்துவிட்டார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

இருபத்துநாலாம் தேதி காலை இவர் கடைக்குப் போனதும் பொரிகடலையையும் சீனியையும் மிக்ஸியில் பொடித்தேன். மாவுருண்டைக்கு நெய் கொதிக்கக் கொதிக்க விழ வேண்டும். கொதிப்புக்கு எங்கே போக? நெய்க் கிண்ணத்தைக் கொண்டுபோய் மதில் மேல் வெயிலில் வைத்துவிட்டுக் காக்கைக்குக் காவல் நின்றேன். நெய் உருகியது, நானும் உருகினேன். ஆனால் மாவு உருண்டை பிடிக்கவில்லை. பிடித்தால் திருநீறு மாதிரி உதிர்ந்தது.

அப்போதுதான் ஒரு பெண்கள் பத்திரிகையில் 'அடுப்பில்லாமல் இனிப்பு' என்று படித்துவிட்டு, வேலையற்றவர்கள் என்று நான் சிரித்தது ஞாபகம் வந்தது. முக்குக் கடைக்கு ஓடி மாரி பிஸ்கட்டும் கண்டென்ஸ்டு மில்க் டின்னும் கேட்டேன்.

"பாயசமாணோ?" என்றார் கடைக்காரர்.

"இல்லை."

"பின்னே என்ன?"

"தெரியலை, வந்தப்புறம்தான் பேர் வைக்கணும்" என்றேன். அவர் சில்லறையைத் தருவதற்கு முன் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

டின் திறப்பான் கிடையாது. ஆணியும் கல்லும் வைத்து ஓட்டை போட்டதில் பாதிப் பால் என் முழங்கை வழியாக ஓடியது. ஓடியதை வீணாக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சப்பாத்திக் கட்டையால் பிஸ்கட்டை நுணுக்கி, உதிர்ந்த மாவையும் அதிலேயே கொட்டி, ஏலக்காய் தட்டிப் போட்டு, பாலை விட்டுப் பிசைந்தால், என்ன ஆச்சரியம், பிடித்த பிடிக்கு நின்றது. தேங்காய்ப்பூவில் புரட்டி ரோஜாத் தட்டில் அடுக்கினேன். ரோஜா மறைகிற அளவுக்கு அடுக்கினேன்.

சேச்சி வீட்டு முற்றத்தில் குடில் போட வைக்கோல் இறைந்து கிடந்தது. பேபிச் சேட்டன் ஸ்டூல் மேல் ஏறிக் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே இருந்த பல்பை மகா கவனமாக ஆராய ஆரம்பித்தார். சேச்சி தோளில் துவர்த்துத் துண்டோடு வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. நான் தட்டை மேலாக நீட்டினேன். அவர் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். வெறுமனே இல்லை என்று கண்டதும் வாங்கிக்கொண்டு, ஒரு உருண்டையை எடுத்துக் கடித்து, நோயாளியின் நாடியை எண்ணுகிறவர் மாதிரி எங்கோ பார்த்துக்கொண்டு மென்றார். பிறகுதான், ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கேட்டு இப்போது இல்லை. இரண்டு வீட்டையும் நடுவிலிருந்த மதிலையும் சேர்த்து இடித்துவிட்டார்கள், ஒரு ஜவுளிக் கடையின் கார்கள் அங்கே நிற்கின்றன. சேச்சியும் சேட்டனும் பிள்ளைகளோடு வெளிநாட்டில். போனில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கேஸ் வந்துவிடுகிறது, எல்லார் வீட்டிலும் இரண்டு குற்றி. யாருக்கும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, ரொம்ப சௌகரியம். எதிர் பிளாட் பெண்ணின் டப்பாவைக் கழுவி அடுப்படி மேடையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். தூக்கியெறிய வேண்டிய டப்பாவில் எதைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

சரி, கேட்டுக்கு வருவோம். லீவு நாள் பலகாரம் சேச்சி, இதுதான் இப்போது ஃபேஷன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சேச்சி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஸ்டூல் மேல் நின்ற கணவர் பக்கம் திரும்பினார்.

"இச்சாயா, இறங்கி வாங்க. கனம் பார்க்க இந்தச் சந்தில உங்களை விட்டா ஆளில்லல்லோ. அடுக்களையில நிறைஞ்ச குற்றி ஒண்ணு இருக்கு. தூக்கிப் பாருங்க. கனம் சரியா இருந்தா நேரா இவ வீட்டில கொண்டு வைங்க."

"அப்போ நாளைக்கு நமக்கு?"

"மாட்டினதில மிச்சம் இருக்கு. அது நின்னா நான் இறைச்சிச் சட்டியைத் தூக்கிக்கிட்டு இவ அடுப்புக்குப் போவேன்." பிறகு, எங்கள் வீடு சைவம் என்பது ஞாபகம் வந்து, "காய்கறி இஷ்டு மட்டும்" என்றார்.

பேபிச் சேட்டன் உள்ளே போனார். குற்றியைத் தோளில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது, யாரிடம் என்றில்லாமல், "கனம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

சேச்சி கேட்டை அகலத் திறந்து என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போனார். உருண்டைகளை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் சரித்தார். ரோஜாத் தட்டைத் தோள் துவர்த்தால் துடைத்து, தகர டின்னைத் திறந்து அதில் அச்சப்பம் அடுக்க ஆரம்பித்தார்.

"சேச்சி, நாளைக்கு விருந்தாளிங்க வருவாங்களே. செட்டில ஒண்ணு குறையுமே" என்றேன்.

தட்டில் ரோஜாவின் ஓரம் கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்தது. சேச்சி டின்னுக்குள் கைவிட்டு இன்னும் ஒரு அச்சப்பத்தை எடுத்து அதன் மேல் வைத்து, தட்டை என் கையில் கொடுத்தார்.