சித்தப்பா வந்த காட்சி

வாய் கூசாமல் நான் சொன்ன பொய்கள் எத்தனையோ. அவையெல்லாம் மறந்துபோயின. நல்ல மனசோடு சொன்ன ஒரே ஒரு பொய்தான் இன்றைக்கும் என்னைக் கூனிக் குறுக வைக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். லிங்கிக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். பால்மரம் சீவப் போகிறவர்கள் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொண்டுபோய்விடக் கூடாது என்று கதவில் நிறுத்தித் தூக்குச்சட்டி வரைக்கும் திறந்து பார்ப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் எல்லாரும் வேலிக்கு உள்ளே வந்துவிட வேண்டும்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, இங்கிருந்து மெட்ராஸுக்குப் போய் இரண்டு வருஷம் ஒரு ஸ்டூடியோவில் இருந்தவர். ஒரே ஒரு படத்தில் நடித்துவிட்டு, அது வெளிவருவதற்கு முன்பே கப்பலேறித் திரும்பிவிட்டார். அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு எங்கள் குடும்பமே தோட்டத்தில் தலைகால் தெரியாமல் ஆடியது. அப்பா ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம்கூடத் தம்பியின் பெருமையைப் பேசாமல் விடமாட்டார். நான் பள்ளிக்கூடத்தில், சித்தப்பா கத்திச்சண்டை போடுவார், குதிரையிலிருந்து குதிப்பார் என்று அளந்துவிட்டிருந்தேன். சித்தப்பா மட்டும், ஒரே காட்சிதான், சின்ன வேஷம் என்று சிரிப்பார். பெரிய நடிகர்கள் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒருவழியாகப் படம் சிரம்பான் டவுனுக்கு வந்தது. சினிமா எடுக்கிறவர்களையே கேலி செய்யும் சிரிப்புப் படம். மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத் தோட்டத்து லாரியே கிளம்பியது. சித்தப்பாவால்தான் வர முடியவில்லை. கதவில் ஹோம்கார்ட் காவல் அன்றைக்கு அவர் முறை. மாற்றிக்கொள்ள ஒருவரும் சம்மதிக்கவில்லை, எல்லாருக்கும் அவர் நடித்ததைப் பார்க்க வேண்டுமே. துப்பாக்கியும் கையுமாக அவரே கதவைத் திறந்து எங்களை அனுப்பிவைத்தார்.

படத்துக்குள் எடுக்கிற படத்தில் ஸ்டூடியோ முதலாளியின் மச்சான்தான் கதாநாயகன். அவனுக்கு வசனம் வராது, வெயிலும் ஆகாது. அவனுக்குக் குடை பிடிக்கும் எடுபிடியாகச் சித்தப்பா வந்தார். கதாநாயகன் வசனத்தை மறக்கும்போதெல்லாம் டைரக்டர் சித்தப்பாவின் கன்னத்தில் அறைந்தார். முதலாளியின் மச்சானை அறைய முடியுமா? நாலாவது தடவை டைரக்டர் கையை ஓங்குவதற்கு முன்பே, சித்தப்பா தானாகக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். குடை மட்டும் சாயவே இல்லை. கொட்டகை அதிர்ந்தது. ஐஸ் தண்ணி விற்க வந்த சீனர்கூட நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாவாடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

எங்கள் ஆட்களில் ஸ்டூடியோவைக் கண்ணால் பார்த்தவர் யாரும் கிடையாது. படத்திலேயே ஸ்டூடியோவைக் காட்டிவிட்டதால், சித்தப்பா மெட்ராஸில் பார்த்த உத்தியோகமே அதுதான் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் லாரி மம்பாவ் தாண்டும்போது, எங்களை வேலை வாங்கும் மண்டோர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“குடை புடிச்சு அறை வாங்கவா லா கப்பலேறிப் போனாரு?”

சிரிப்பு இல்லை, இரக்கம்தான். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா எல்லாரையும் கெஞ்சினாள். கேட்டால் மனுஷன் நொறுங்கிப்போவார், அவரிடம் இதைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது என்றாள். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எங்கள் தோட்டத்து ஜனங்கள் அந்த விஷயத்தில் தங்கமானவர்கள்.

கதவில் லாரி நின்றது. சோதனைக்காக எல்லாரும் சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாதிரி இறங்கினார்கள். சித்தப்பா ஒவ்வொரு பையாகப் பார்த்தார், ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். யாரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்து குனிந்தார்.

“நான் வந்தப்ப சிரிச்சாங்களா பாப்பா?”

எனக்குச் சித்தப்பா என்றால் உயிர். அவரை அந்த அவமானத்திலிருந்து காப்பாற்ற என்னால்தான் முடியும் என்று தோன்றியது.

“இல்ல சித்தப்பா. ஒருத்தர்கூட சிரிக்கல. சத்தியமா.”

அவர் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார்.

“நாலாவது அறைக்குமா?”

“அதுக்கும்தான்.”

சரி என்பதுபோலத் தலையாட்டினார். என் கையிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்து, மூடிக் கொடுத்து, போகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, என் புள்ளைக்கு எவ்வளவு புத்தி என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தூ, என்ன பெருமை.

அந்த வருஷம் கோயில் திருவிழா நாடகத்தில், எப்போதும்போல அவரைத்தான் கோமாளி வேஷத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆட்களைச் சிரிக்கவைக்கத் தனக்கு வராது என்று சொல்லிவிட்டுத் திரை இழுக்கப் போனார். நாங்கள் எவ்வளவோ கேட்டும் மசியவில்லை. அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவே இல்லை. அந்தப் படத்தையும் கடைசிவரை பார்க்கவில்லை.

அன்றைக்கு அவருக்குக் குரல் கட்டியிருக்கிறது போலும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.