தம்பி எழுத மறுத்த வரி

என் தம்பி அரசியல் அறிவியல் பேராசிரியன். இல்லை, இணைப் பேராசிரியன். சரியாகச் சொல்லிவிட வேண்டும். "அரசியலா? எந்தக் கட்சி?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. கட்சியெல்லாம் கிடையாது. கூட்டாட்சி, இறையாண்மை இரண்டும்தான் அவன் ஆராய்ச்சி. அதாவது, மத்திய அரசும் மாநில அரசும் முட்டிக்கொண்டால் கடைசிச் சொல் யாருடையது என்பது. தலை நரைக்கும்வரை இதையே குடைந்திருக்கிறான். வெளிநாட்டுக்காரர்கள் அவன் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் பெருமை உண்டு.

போன வருடம் பேராசிரியர் பதவி கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. அவன் பல்கலைக்கழகம் பக்கத்து ஊரில் ஒரு கிளை தொடங்கியது. தேர்வு, விடுதி, நியமனம் எல்லாவற்றிலும் தலைமைக்கு என்ன அதிகாரம், கிளைக்கு என்ன அதிகாரம் என்று விதிகள் எழுதும் வேலையைத் துணைவேந்தர் இவனிடம் கொடுத்தார். "முடிச்சுக் குடுங்க, உங்க புரமோஷன் ஃபைல்ல கையெழுத்துப் போட்டுடறேன்" என்றும் சொன்னார்.

மாங்கு மாங்கென்று எழுதினான். சண்டை வந்தால் தீர்க்க, இரு தரப்பு ஆட்களோடு வெளியாள் ஒருவரும் இருக்கும் குழு வைத்தான். துணைவேந்தர் அந்தக் குழுவை அடித்துவிட்டு, 'துணைவேந்தரின் முடிவே இறுதியானது' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

"மாட்டேன்னுட்டேன்க்கா" என்றான், என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"ஏன்டா, ஒரு வரிதானே! எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

"மேல உள்ள விதியில கிளைக்குக் குடுத்த அத்தனையையும் அந்த ஒரு வரி திருப்பி வாங்கிடும். அதுக்கு விதி எதுக்கு?"

"நீ எழுதாட்டியும் அவர் இஷ்டப்படிதான் செய்வார்."

"செய்யட்டும். நான் எழுதிக் குடுத்ததா இருக்கக் கூடாது."

"அப்ப பதவி?"

"சாப்பிட ஏதாவது இருக்காக்கா?"

என் வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்காமலே, "மச்சான் வெளங்கிடுவார்" என்றார்.

அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் தம்பியிடமே படித்த பையன். இப்போது அவன்தான் பேராசிரியர். போன வாரம் அவனுக்குப் பாராட்டுக் கூட்டம்.

"அக்கா, பூங்கொத்து எந்தக் கடையில நல்லாருக்கும்?"

"முள்ளோட குடுக்கற கடையாப் பாத்து வாங்கு!"

சிரித்துக்கொண்டே போனான். இருப்பதிலேயே பெரிய கொத்தாக வாங்கினானாம்.