வெர்லீன் சும்மா கேட்டது

வெர்லீன் ஸ்டக்கி எதையும் கேட்காமல் செய்ய மாட்டார். பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். தன் வேலியோரம் புல் வெட்டக்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்தைக் கிளப்புவார். எங்கள் கான்சஸ் ஊரில் அவரைக் கிண்டல் செய்யாதவர் கிடையாது. காப்பீட்டு முகவர் அலுவலகத்தில் போன் எடுக்கிற நானும் செய்திருக்கிறேன்.

ஒரு மார்ச் மாதம் கூப்பிட்டார்.

"டுவெயின், வெந்நீர்த் தொட்டி கசிஞ்சு கீழ்த்தளத்துல கம்பளம் நனைஞ்சிருச்சு. இதுக்கு வீட்டு இன்சூரன்ஸ் தருமா? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"கேக்கறதுக்கு என்னம்மா, காசா பணமா? ஆனா முதல் ரெண்டாயிரம் டாலர் உங்க பாடு. கம்பளம் அதுக்குள்ளயே அடங்கிடும்."

"அப்ப விடு, நானே காய வச்சுக்கறேன்."

கணினித் திரையில் இரண்டு கட்டங்கள் இருந்தன: 'விசாரிப்பு', 'சேதம்'. விசாரிப்பு என்றால் நாலு வரி விளக்கம் எழுத வேண்டும். என் சாண்ட்விச் பாதியில் கிடந்தது. சேதத்தைத் தட்டிவிட்டேன். முந்தைய வருடம் அவர் வேலி சாய்ந்ததைக் கேட்டபோதும் அதையேதான் செய்தேன். ஒரு டாலர்கூட வாங்காத மனுஷியின் பெயரில் இரண்டு இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஏறிவிட்டன.

இலையுதிர் காலத்தில் நிறுவனம் பாலிசியைப் புதுப்பிக்க மறுத்தது. எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பதிவு பொதுதான்; மற்றவையும் அதையே பார்த்தன. கடைசியில் ஒன்று மட்டும் இரட்டிப்புக் கட்டணத்துக்குச் சம்மதித்தது. வெர்லீன் கடிதத்தோடு வந்து நின்றார்.

"நான் போன்ல ஏதாவது தப்பாப் பேசிட்டேனாப்பா?"

முதலாளி அடுத்த மேஜையில் இருந்தார். "கம்பெனி விதிம்மா" என்றேன். வெர்லீன் நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த மே மாதம் ஆலங்கட்டி மழை ஊரையே அடித்து நொறுக்கியது. கூரை பழுதுபார்ப்பவர்கள் வேலை கேட்டு வீடு வீடாய்க் கதவைத் தட்டினார்கள். எங்கள் போன் ஓயவே இல்லை. வெர்லீன் மட்டும் கூப்பிடவில்லை. மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். கூரையில் தார்ப்பாய், படுக்கையறையில் மூன்று வாளிகள்.

"அம்மா, இதுக்குத்தானே இன்சூரன்ஸே! இப்பவே எழுதிடறேன்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்! இன்னொரு தடவை வாயைத் திறந்தா இருக்கறதும் போயிடும்."

அப்போதுதான் சொன்னேன். கட்டத்தை மாற்றித் தட்டியது நான்தான், நான் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதினால் பழைய பதிவு நீங்கிவிடும், பயமில்லாமல் கூரைக்குக் கேட்கலாம் என்று. அவர் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

"எழுதினா உன் வேலை போயிடுமே?"

"போகும்."

"ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? யார்கிட்டயும் சொல்லாதே, போ."

எனக்காகச் சொன்னார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். வெட்கக்கேடு, எனக்கு நிம்மதியாக இருந்தது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்றே இருந்துவிட்டேன். ஆலங்கட்டிச் சேதத்துக்கு விண்ணப்பிக்க ஒரு வருடம்தான் கெடு. அது போன வாரம் முடிந்தது.