கேக்குக்குக் காத்திருந்த தட்டு

போன வாரம் நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நத்தார் வருகிறதே, அதைப் பற்றி எழுத ஏதாவது சரக்கு தேறுமா என்றுதான்.

பையில் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தது. நத்தார் மரம் ஜெர்மனிக்காரர்களின் வழக்கம். நத்தார் தாத்தாவின் மூலபுருஷர், இன்றைய துருக்கியில் வாழ்ந்த ஒரு பிஷப். டிசம்பர் இருபத்தைந்து என்ற தேதி பைபிளில் எங்குமே இல்லை. கிறிஸ்மஸுக்கு நாம் சொல்லும் ‘நத்தார்’ என்ற சொல்லே போர்த்துக்கீசியன் விட்டுப்போனது. கேக்கின் கதை இன்னும் வேடிக்கை... அதன் பூர்வீகம் ஒரு கஞ்சி! உலர்ந்த பழமும் மசாலாவும் போட்டு இங்கிலாந்தில் காய்ச்சியது, காலப்போக்கில் இறுகி இறுகிக் கேக்காகிவிட்டதாம்.

இதையெல்லாம் ஸ்டெல்லா அக்காவிடம் அளந்துகொண்டிருந்தேன். என் பள்ளித் தோழனின் அக்கா. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக்கு முந்தின வீடு. நத்தாருக்கு அவர் மாவு கலந்து, பசறை பேக்கரியில் கொடுத்துப் போறணையில் வேகவைத்து வாங்கும் கேக்குக்கு நான் பல வருட அடிமை.

“இந்த வருஷம் கேக் எப்ப போடுறீங்க?” என்றேன்.

“போடல தம்பி. யாருக்குப் போடுறது?”

சொல்லிவிட்டுச் சுவரில் பாத்திரம் அடுக்கும் ராக்கையைப் பார்த்தார். அங்கே ஓர் எவர்சில்வர் தட்டு. விளிம்பில் ‘புஷ்பம்’ என்று பெயர் வெட்டியிருந்தது.

புஷ்பம் அக்கா அடுத்த வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தீபாவளிக்கு அந்தத் தட்டில் முறுக்கும் அதிரசமும் இந்த வீட்டுக்கு வரும். நத்தாருக்கு அதே தட்டில் கேக் அந்த வீட்டுக்குப் போகும். இடைப்பட்ட நாளில் தட்டு இங்கேயே இருக்கும். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் கிடையாது. லயத்தில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

போன வருடம் நத்தாருக்குச் சில நாள் இருக்கும்போது ஸ்டெல்லா அக்காவின் கணவர் போய்விட்டார். துக்க வீட்டில் ஏது கேக்? தட்டு ராக்கையிலேயே தங்கிவிட்டது.

“செத்த வீட்டுக்குச் சோறாக்கிப் போட்டவ அவதான். பொறந்தவகூட அப்படிச் செய்ய மாட்டா. ஆனா இந்தத் தீவாளிக்கு ஒரு முறுக்குகூட வரல தம்பி. தாலியறுத்தவ வீட்டுக்கு நல்ல நாள்ல எதுக்குன்னு நெனச்சிட்டா போல.”

“நீங்க கேக்கலையா?”

“எப்படிக் கேக்குறது? அப்புறம் பேச்சே நின்னுபோச்சு. போன மாசம் மகளோட தெமோதரைக்குப் போயிட்டா. சாமான் ஏத்துறப்பகூட நான் வெளிய வரல.”

எனக்கு மனசு கேட்கவில்லை. எல்ல நகர் வழியாகத் திரும்பி, தெமோதரையில் இறங்கி, விசாரித்துப் போய்விட்டேன். புஷ்பம் அக்கா வாசலில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். ஏன் தீபாவளிக்குப் பலகாரம் போகவில்லை?

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“தட்டு அங்கல்ல இருக்கு? இன்னொரு தட்டுல குடுத்தா, முந்தின தட்டு எங்கேன்னு கேக்குற மாதிரி ஆயிடாதா? அண்ணன் போன துக்கத்துல ஸ்டெல்லா மறந்திருக்கும். அதப் போயி ஞாபகப்படுத்தவா? அது வாய் தொறந்து ஒரு வார்த்தை சொல்லும்னு பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு போச்சு.”

அட, இதுதானா?

வெறுந்தட்டைக் கொடுக்கக் கூடாதென்று ஒருவர் வைத்துக்கொண்டார். தட்டைக் கேட்டதாகிவிடக் கூடாதென்று மற்றவர் சும்மா இருந்தார். இரண்டுமே மரியாதை. இவர்கள் சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருப்பார்கள்... மரியாதைக்கு யார் பஞ்சாயத்து வைப்பது?

நானும்தான் ஜெர்மனி, துருக்கி என்று ஊரெல்லாம் சுற்றி வழக்கங்களுக்கு வேர் தேடுகிறேன். எந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லிவிடலாம். நம் லயத்து வழக்கம் ஒன்று எந்த இடத்தில் அறுந்தது என்பதை மட்டும், அறுந்த பிறகுதான் கேட்கத் தோன்றுகிறது.

அங்கிருந்தே ஸ்டெல்லா அக்காவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“பேச்சு நின்ன பொறவும், ராத்திரியில அவ இருமுறது சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும் தம்பி. வெந்நி வச்சுக் குடுக்கணும்னு எந்திரிப்பேன். அப்புறம் படுத்துக்குவேன்...”

ஃபோனைப் புஷ்பம் அக்காவிடம் கொடுத்தேன். தட்டைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

“அங்க மழையா?” என்றார் இவர். “ஆமா, இங்கயும் மழைதான்.” கொஞ்ச நேரம் மழையையே பேசினார்கள். பேசிக்கொண்டே இவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஃபோனைத் திருப்பித் தரும்போது சொன்னார்: “கேக் போடச் சொல்லுங்க தம்பி. நானே போயி வாங்கிக்கணும்னுதான் ஆசை. இந்தக் காலை வச்சுக்கிட்டு அந்த மேட்டுல இனி ஏற முடியாது.”

அவர் இருந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். நல்ல மனிதர்களாம். ஆனால் அந்தப் பக்கத்து இருமலை ஸ்டெல்லா அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லையாம்.

நேற்று பசறை பேக்கரியில் கேக் வெந்து வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் போகவேண்டிய தட்டு, இந்த நத்தாருக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறது.